பின்னால் நடந்த குதிரை

"சுவர் விழுந்துட்டுன்னு சொன்னிய, என் கண்ணால பார்த்தேன்னு சொன்னிய, பண்டகசாலைத் தெரு வழியாப் போனா பொழுது அடையுமுன்ன கோயிலுக்குத் திரும்பிரலாம்னு சொன்னிய, இப்ப கோயிலும் வரல, சுவரும் வரல, தெரு முடியவே மாட்டேங்குது, இதுக்கு என்ன பதில் சொல்லுதிய மைனி?" என்று அனுஞ்சியா கேட்டாள். கேட்டு முடித்த மூச்சிலேயே, ஜெபமாலையில் அடுத்த மணிக்கு நகர்கிறவளைப் போல, அதே வார்த்தைகளை அதே வரிசையில் மறுபடி தொடங்கினாள்.

பெர்பெத்துவம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கால் வலிச்சா கால் வலிக்குதுன்னு சொல்லு, அனுஞ்சியா. தெரு மேல பழி போடாத" என்றாள். கையிலிருந்த வெள்ளிப் பூண் போட்ட பிரம்பை உயர்த்தி, வடம் பிடித்தவர்களைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் வேகமாக என்பதுபோல் ஆட்டினாள்.

கீழமுனை சந்தியாகப்பர் கோயிலின் பெண்கள் சங்கமான மாதா சபைக்குப் பெர்பெத்துவம்மாள் தலைவி; அனுஞ்சியா செயலாளர், ஒரு வகையில் நாத்தனார் முறை, எல்லா வகையிலும் தொந்தரவு. அந்தப் பிரம்பு திருவிழாப் பவனியில் சப்பரத்துக்குப் பாதை காட்டுகிறவர் கையில் இருக்கவேண்டிய பிரம்பு. கோயில் கட்டின நாளிலிருந்து ஆண்கள் கையைத் தவிர வேறு கையை அது பார்த்ததில்லை. ஆண்களிடமிருந்து அதைப் பிடுங்க பெர்பெத்துவம்மாள் பட்ட பாடு கொஞ்சமல்ல. திருவிழாக் கமிட்டிக் கூட்டத்தில், கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த நிமிர்ந்த முதுகோடும் அவர்கள் சொல்லிக்கொடுக்காத நாக்கோடும் எழுந்து நின்று, "நீங்க ஒரு வருஷம் சப்பரத்தைக் கரண்டுக் கம்பிக்குக் கீழ இழுத்துட்டுப் போய்க் குடையை எரிச்சிய, சந்தியாகப்பர் ஜோதியாக் காட்சி குடுத்தார்னு பாட்டுக் கட்டினிய, இன்னொரு வருஷம் மீன் சந்தைச் சாக்கடையில சக்கரத்தை இறக்கிட்டு, ஏழைகளோட தங்கிட்டார்னு பிரசங்கம் வெச்சிய, தப்பை அற்புதமாக்குற வேலையை விட்டுட்டு ஒரு வருஷம் எங்களைச் சரியா நடத்த விடுங்க" என்று அவள் கேட்டபோது, அதுவரை பிரம்பு பிடித்துவந்த தொம்மை உபதேசியார் உட்படக் கமிட்டியில் இருந்த அத்தனை பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பிரம்பு கைமாறியது.

கைமாறிய அன்றே பாதையையும் மாற்றினாள். பெரிய தெரு, சந்தை, கடற்கரைச் சாலை என்று ஊரைச் சுற்றுகிற பழைய வழி வேண்டாம், பண்டகசாலைத் தெருவுக்குள் நுழைந்து நேராகக் கடற்கரைச் சாலையில் ஏறிவிடலாம் என்றாள். அந்தத் தெருவின் கோடியை ஐஸ் பேக்டரிக்காரர்கள் எப்போதோ சுவர் வைத்து அடைத்துவிட்டார்களே என்று அனுஞ்சியா கேட்டாள். போன மழையில் சுவர் விழுந்துவிட்டது, என் கண்ணால் பார்த்தேன் என்றாள் பெர்பெத்துவம்மாள். விழுந்தது உண்மைதான், கேள்விப்பட்டிருந்தாள். பார்த்தது பொய். அந்தத் தெருவுக்குள் அவள் கால் வைத்தே பல வருஷம். அன்றைக்குச் சாயங்காலமே அவள் கணவர் கஸ்பார், "சுவரைத் திரும்பவும் கட்டிட்டானுவளே பெர்பெத்து, சுண்ணாம்புகூட அடிச்சாச்சே" என்று சொன்னார். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள், செதில் தெறிக்கிற சத்தத்தில் காது கேட்காதவள்போல இருந்துகொண்டாள். இப்போது போய்க் கமிட்டியிடம் மாற்றிச் சொன்னால் உபதேசியார் முகம் எப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியும். பொம்பளைங்க கையில குடுத்தா இப்படித்தான் என்று அவர் சொல்லப்போகிற குரல்கூடத் தெரியும். அதோடு இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கீழமுனைச் சந்தியாகப்பர் வெள்ளை மரக்குதிரை மேல் வருகிறவர். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிற குதிரை அது. சண்டைக்குப் போகிற குதிரை பின்வாங்கக் கூடாது என்பதால், சப்பரம் கோயிலை விட்டு இறங்கினால் சுற்றி வந்து சேர வேண்டுமே தவிர ஓரடிகூடப் பின்னால் இழுக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. சக்கரம் கல்லில் இடித்தாலும் கல்லைத்தான் தோண்டி எடுப்பார்கள். ஆகவே அந்தத் திருவிழாச் சாயங்காலம், பண்டகசாலைத் தெருவின் அகலத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு, இருபக்கமும் வீட்டு வாசல்களிலிருந்து நேர்ச்சையாய் எறிந்த உப்பும் மிளகும் சப்பரத்தின் மேல் மழையாய் விழ, பாண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் ஊத, சப்பரம் உள்ளே போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, தெரு முடியவில்லை.

பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை. வீடுகள் கடந்து போயின, கடந்த வீடுகளுக்கு அப்பால் இன்னும் வீடுகள் வந்தன, அவற்றிலும் கொடியில் துணி காய்ந்தது, காலி கேஸ் சிலிண்டர் வாசலில் நின்றது, முருங்கை மரம் மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்தது. தெருவின் கோடியில் ஒரு நீல வீடு தெரிந்தது. அதன் பக்கத்தில் வெள்ளையாய் ஒன்று, கடல் வெளிச்சமா, சுண்ணாம்புச் சுவரா என்று சொல்ல முடியாதபடி. எவ்வளவு இழுத்தாலும் அந்த நீல வீடு அவ்வளவு தூரத்திலேயே இருந்தது, ஓரடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. திரும்பிப் பார்த்தாலோ, கோயில் கொடிமரம் பின்னால் எட்டிப் பிடிக்கிற தூரத்தில், பூசைக்குச் சாத்தின மாலையின் நிறம்கூடத் தெரியும்படி நின்றது. முன்னால் போகிற வழிக்கு முடிவில்லை, திரும்புகிற வழி ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற தூரம். இதை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. குதிரை பின்னால் நடக்காதே.

இருட்டினதும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து, காலையில் வந்து மறுபடி இழுத்தார்கள். மறுநாளும் இழுத்தார்கள். வாரம் திரும்பியது.

மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள், கீழமுனைக்காரர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே பழகிக்கொள்வார்கள். உப்பளத்தில் முறை வைத்து வேலை பார்க்கிறவர்கள் வடத்துக்கும் முறை வைத்தார்கள். ஒவ்வோர் அன்பியமும், அதாவது கோயிலின் ஒவ்வொரு தெருக் குழுவும், ஒரு வேளை. பங்குப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பை எடுத்துவிட்டு வடம் இழுக்கிற வகுப்பு வைத்தார்கள், பிள்ளைகளுக்கு அதில் கொண்டாட்டம். பாண்டு வாத்தியக்காரர்கள் முதலில் எல்லாப் பாட்டையும் வாசித்தார்கள், பிறகு தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து கல்யாணப் பாட்டை வாசித்தார்கள், அதன் பிறகு வாத்தியத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நடந்தார்கள். சப்பரத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை சக்கரம் வைத்துக்கொண்டு நகர்ந்தது. சப்பரம் நகர நகர ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள், குழந்தைக்கு நெடுஞ்செழியன் சந்தியாகு என்று பெயர். வேண்டுதல்காரர்கள் வந்தார்கள். முதலில் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்டோவில், பிறகு தூரத்து ஊர்களிலிருந்து வேனில். முடியாத தெருவில் நடந்தால் முடியாத காரியம் முடியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். விசாவுக்குக் காத்திருந்தவனும், வரன் அமையாதவளும், கோர்ட்டு வாசலில் தலை நரைத்தவனும் வந்து வடத்தைத் தொட்டார்கள். எறிந்த உப்பு தெருவோரமெல்லாம் குவிந்து வெயிலில் மின்னியது. அதில் காலை வைத்த நாய்கள் புண்ணை நக்கிக்கொண்டு ஓடின.

அந்தத் தெருவில் குடியிருந்தவர்களுக்கும் தங்கள் சொந்த வேலையாய்ப் போகிறவர்களுக்கும் அது பழைய தெருவாகவே இருந்தது. அவர்கள் சப்பரத்தை ஒட்டி உரசிக்கொண்டு போய், தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். வடம் பிடித்தவர்களுக்கும் பிரம்பு பிடித்தவளுக்கும் மட்டுமே தெரு முடியவில்லை.

தொம்மை உபதேசியார்தான் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னார். "இது அற்புதம்" என்றார். பிரம்பு தன் கையை விட்டுப் போன வருத்தத்தில் அவர் ஒரு வாரம் கோயில் பக்கம் உறுமிக்கொண்டே திரிந்தவர், வேன்கள் வந்து நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. தெரு முனையில் பிளெக்ஸ் வைத்தார்கள். முடிவில்லாப் பவனி என்று கொட்டை எழுத்து, ஒரு பக்கம் குதிரை மேல் சந்தியாகப்பர், மறுபக்கம் பிரம்போடு பெர்பெத்துவம்மாள், கிட்டத்தட்ட ஒரே அளவில். மெட்ரிக்குலேசன் பள்ளிக்கூட வாசலில் முன்பு அவளைக் கண்டால் விலகிப் போன தாய்மார்கள் இப்போது பிள்ளைகளின் தலையில் அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டார்கள். "உங்களுக்குத்தான் அந்தத் தெருவழி போகணும்னு தோணியிருக்கு பாருங்களேன்" என்றார்கள். அவள் முறுவலித்தாள். அந்த முறுவல் முகத்தில் இறுகிப்போய், வீட்டுக்கு வந்து தண்ணீர் அடித்துக் கழுவினாலும் போகவில்லை.

அந்த நீல வீட்டு வாசலில் காலையும் மாலையும் ஒருத்தி நிற்பாள். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, கேட்டுக் கம்பியில் ஒரு கையை ஊன்றி, சப்பரம் வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அது இக்னேசி, பெர்பெத்துவம்மாளின் ஒரே மகள்.

இக்னேசி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற எபனேசரைக் கட்டிக்கொண்டாள், பையன் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட் சபை. அதுவே பெர்பெத்துவம்மாளுக்குத் தாங்கவில்லை, கல்யாணம் அவர்கள் கோயிலில், பூசை இல்லாமல், மாதா படம்கூட இல்லாத சுவருக்கு முன்னால் என்றதும் மொத்தமாய் முறுக்கிக்கொண்டாள். கல்யாணத்தன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தாள். மறுநாள் காலைப் பூசை முடிந்து யாரோ இக்னேசி எங்கே என்று கேட்டபோது, அவள் வாயிலிருந்து வந்தது, "மடத்துக்குப் போயிட்டா. வடக்க. துறவியாகப் போறா." ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை; சொன்னதும் சொன்னதுதான். ஊர் முழுக்கக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தது. இருந்தும் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து கீழமுனை முழுவதும் "சிஸ்டர் எப்படி இருக்காவ?" என்று அவளிடம் விசாரித்தது. மீன்காரி கேட்டாள், தபால்காரர் கேட்டார், அடுத்த கடையில் இக்னேசியே நின்று வாழைப்பூ வாங்கிக்கொண்டிருக்கும்போது காய்கறிக்காரன் கேட்டான். பெர்பெத்துவம்மாள் மகளின் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கா, தியானத்துல இருக்கா" என்றாள். இக்னேசி சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

கஸ்பார் மட்டும் சர்க்கரை வியாதிக்கு நடக்கிறேன் என்று தினமும் சாயங்காலம் கிளம்புவார். திரும்பி வரும்போது அவர் சட்டையில் வேறொரு சமையலறையின் வாசம் இருக்கும். தேங்காய் அரைத்து விட்ட சாளைக் குழம்பு, அவள் சொல்லிக்கொடுத்த பக்குவம். அவள் ஒன்றும் கேட்பதில்லை. சட்டையை மட்டும் உடனே ஊற வைக்காமல் காலை வரைக்கும் கொடியில் போட்டு வைப்பாள்.

சப்பரம் அந்த வாசலைக் கடந்து போகும், அப்போது முன்னால் நடக்கிற நான் தலையைத் திருப்பினால் என்ன, சந்தியாகப்பருக்கு வழிவிடத் திரும்பினேன் என்று வைத்துக்கொள்ளட்டுமே, ஒரு பார்வை, முடிந்தால் ஒரு வார்த்தை. இதுதான் அவள் யாரிடமும் சொல்லாத காரணம். தப்பு என்று சொல்லாமலே தப்பைத் தாண்டிவிட ஒரு புனிதரையும் அவர் குதிரையையும் ஊரையும் வாத்தியக் கோஷ்டியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

ஒரு நாள் அதிகாலை, வடம் பிடிக்க ஆள் வருவதற்கு முன், பிரம்பை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்தாள். காலார நடக்கிறவளைப்போல நடந்தாள், பிறகு வேகமாக நடந்தாள், பிறகு, யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். முருங்கை மரங்கள் வந்தன, போயின. நீல வீடு அங்கேயே இருந்தது. எதிரே எபனேசர் வேலைக்குக் கிளம்பி பைக்கில் வந்தான். அவனுக்குத் தெரு முடிவதும் தொடங்குவதும் சாதாரணமாக இருந்தது. காலை ஊன்றி நிறுத்தி, "ஸ்தோத்திரம் அத்தை" என்றான். கல்யாணமான நாளிலிருந்து எங்கே பார்த்தாலும் சொல்வான், அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

இன்றைக்கும் புடவைச் செருகலை இறக்கிவிடத்தான் கை போனது. மூச்சு வாங்கியது.

"நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீய," என்றான் அவன், "சுவர் அங்கனதான் இருக்கு. நேத்துகூட அதுல சாத்தித்தான் ஏணியை வெச்சேன். உங்க ஆளுக கிட்டச் சொல்லிருங்க, பாவம், பிள்ளைகளுக்குக் கையெல்லாம் காப்புக் காய்ச்சிப் போச்சு." நீல வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அவ தினமும் நிக்கா அத்தை. சப்பரத்தைப் பார்க்கன்னு நீங்க நெனைக்க வேண்டாம். நாங்க சிலை பார்க்க மாட்டோம்." பைக்கை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரமே ஆயர் இல்லத்திலிருந்து, பிஷப் அனுப்பின ஒரு சாமியார் வந்தார், இளவயது, சுத்தமான கண்ணாடி, இது அற்புதம்தானா என்று விசாரிக்க. கூட்டம் திரண்டது. பங்குச் சாமியார் ரெமிஜியுஸ் வியர்த்துப்போய் நின்றார். உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்த்தார், சப்பரத்தின் உச்சியில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகள் தெருக்கோடி வரைக்கும் கரகரத்தன.

"அம்மா," என்றார் வந்த சாமியார், மரியாதையாக, "இந்தத் தெருவுல சுவர் இல்லைன்னு நீங்கதான் முதல்ல சொல்லியிருக்கீங்க. அது உங்களுக்குத் தரிசனமா வந்ததா? ஜெபத்துல உணர்ந்தீங்களா?"

"அவங்க குடும்பமே பக்தியான குடும்பம், சாமி," என்று உபதேசியார் மைக்குக்குள் எட்டிச் சொன்னார். "ஒரே மகளைக் கடவுளுக்குக் குடுத்தவங்க. சிஸ்டர் வடக்க மடத்துல இருக்காங்க."

ஒலிபெருக்கிக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. சப்பரம் போய்ச் சேராத இடத்துக்கு உபதேசியாரின் குரல் போய்ச் சேர்ந்தது. தெருக்கோடியில், கேட்டுக் கம்பியில் ஊன்றியிருந்த கை எடுபட்டதைப் பெர்பெத்துவம்மாள் பார்த்தாள். இக்னேசி திரும்பினாள், உள்ளே போனாள், நீலக் கதவு சாத்திக்கொண்டது. இத்தனை நாளும் சாத்தாத கதவு.

பெர்பெத்துவம்மாள் மைக்கை உபதேசியார் கையிலிருந்து வாங்கினாள். வாங்கின விதத்தில் அவர் ஓரடி பின்னால் போனார்.

"தரிசனம் ஒண்ணும் வரல சாமி," என்றாள். "சுவர் இருக்கு. நான் பார்த்தேன்னு சொன்னது பொய். விழுந்ததுன்னு கேள்விப்பட்டேன், திரும்பக் கட்டிட்டாங்கன்னு என் வீட்டுக்காரரு சொன்னாரு, அதுக்கப்புறமும் நான் பாதையை மாத்தல. உபதேசியார் சிரிப்பாருன்னுதான் மாத்தல. அது ஒரு காரணம். அதைவிடச் சின்னத்தனமான இன்னொரு காரணம் இருக்கு. என் மகள் மடத்துல இல்ல. ஒரு நாளும் இல்ல. அந்த நீல வீட்ல இருக்கா. எபனேசர் பொண்டாட்டி. அவ வாசலை நான் பார்க்கணும், பார்க்கப் போனேன்னு யாரும் சொல்லக் கூடாது, அதுக்குத்தான் சந்தியாகப்பரை இந்த முட்டுச் சந்துக்குள்ள இழுத்துட்டு வந்தேன். தப்பு என்னோடது. மாதா சபைக்குத் தெரியாது, மத்தப் பொம்பளைங்களுக்கும் இதுல பங்கு இல்ல."

கூட்டத்தின் பின்னாலிருந்து மீன்காரியின் குரல், ஆறுதலாகவே, "அது எங்களுக்குத் தெரியுமேம்மா" என்றது.

"தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றாள் பெர்பெத்துவம்மாள். "நான் சொல்லணும்ல."

ரெமிஜியுஸ் சாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்கை அணைக்கும்படி சைகை காட்டினார். உபதேசியார் பிளெக்ஸைப் பார்த்தார், வேன்களைப் பார்த்தார், கடைசியில் குதிரையைப் பார்த்தார். "இருக்கட்டும்மா, சொன்னிய, சரி. இப்ப என்ன செய்யச் சொல்லுதிய? குதிரை பின்னால நடந்தா ஊருக்கு ஆகாது."

"நடந்ததே இல்லைன்னா ஆகாதுன்னு எப்படித் தெரியும் உபதேசியாரே?" என்று கேட்டவள் பெர்பெத்துவம்மாள் அல்ல, அனுஞ்சியா. அவள் ஏற்கெனவே சப்பரத்தின் பின்பக்கம் போய்ச் சேலை முந்தியை இடுப்பில் செருகியிருந்தாள். "இதைத்தானே மைனி மொத நாள்ல இருந்து நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். வடத்தை அவுத்துட்டு வாங்கட்டி."

மாதா சபைப் பெண்கள் முன்பக்க வடத்தை அவிழ்த்துக் கொண்டுவந்து பின் அச்சில் கட்டினார்கள். ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கான்வென்ட்டில் படித்தவர்களும், ஐந்தாவதோடு நின்றவர்களும், கருவாட்டுக் கூடை தூக்குகிறவர்களும், பேங்கில் வேலை பார்க்கிறவர்களும் ஒரே வடத்தில் கையைப் போட்டார்கள். பெர்பெத்துவம்மாள் பிரம்பைச் சந்தியாகப்பரின் காலடியில் படுக்க வைத்துவிட்டு, எல்லோருக்கும் கடைசியில், வடத்தின் நுனியில் போய் நின்றாள். யாரோ பாட்டெடுத்தார்கள். கட்டையை உருவினார்கள். சப்பரம் முனகியது, யோசித்தது, பிறகு, எப்போதிருந்தோ எதிர்பார்த்து அலுத்துப்போயிருந்தது போல, லேசாக நகர்ந்தது.

குதிரை பின்னால் நடந்தது. தூக்கின முன்னங்காலைத் தூக்கினபடியே, கழுத்துச் சிலிர்ப்புக் குலையாமல், பெருமிதமாக நடந்தது. எந்தப் பவனியும் வாசலைக் கடந்து போனால் முதுகைத்தான் காட்டும். அன்றைக்குப் பண்டகசாலைத் தெரு வாசல்களில் நின்றவர்களைச் சந்தியாகப்பர் முகம் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே போனார். கிழவிகள் அதைக் கண்டு கும்பிட்ட கையை இறக்கவில்லை. வாத்தியக்காரர்கள் பின்பக்கமாக நடந்து பழகாமல் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, ஆனாலும் முழு மூச்சோடு ஊதினார்கள். பாதி வழியில் ஆண்கள் பொறுக்கமாட்டாமல் ஓடி வந்து வடத்தில் இடம் கேட்டார்கள், "பின்னால போய் நில்லுங்க, முறை வரும்" என்று அனுஞ்சியா சொன்னாள். அவர்கள் நின்றார்கள். உபதேசியாரும் நின்றார். தெரு மெலிந்து, சுருங்கி, தன் பழைய அளவுக்கு வந்து சேர்ந்திருந்தது. உலை கொதிக்கிற நேரத்தில் சப்பரம் தெரு முனைக்கு வந்து, பெரிய தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றது. கீழமுனையில் இன்றைக்கும் அந்த இடத்துக்கு வந்தால் சப்பரத்தை வேண்டுமென்றே கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள். ஏன் என்று கேட்கிற வெளியூர்க்காரர்களிடம், எங்க குதிரைக்கு ரெண்டு நடையும் தெரியும் என்று மார்பை நிமிர்த்திச் சொல்கிறார்கள்.

சப்பரம் திரும்புகிற ஆரவாரத்தில் பெர்பெத்துவம்மாள் வடத்தை விட்டாள். தெருவுக்குள் திரும்பி நடந்தாள். கேஸ் சிலிண்டர் நின்ற வாசல், முருங்கை எட்டிப் பார்த்த மதில், அப்புறம் நீல வீடு. அவ்வளவுதான் தெரு. அதற்குப் பக்கத்தில் ஐஸ் பேக்டரிச் சுவர் வெள்ளையாக, முழுசாக, அதில் ஓர் ஏணி சாத்தியபடி நின்றது. அவள் அதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பு விரலில் ஒட்டியது. வெட்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள், இல்லை. இத்தனை வருஷத்தில் தன் காலால் தானே நடந்து வந்து சேர்ந்த இடம் இது ஒன்றுதான் என்று தோன்றியது, முதுகு தானாகவே நிமிர்ந்தது.

கேட்டைத் திறந்து போய்க் கதவின் முன்னால் நின்றாள். உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம், யாரோ ஒரு பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைக்கிற சத்தம்.

"இக்னேசி. நைட்டியை மாத்திட்டு ஒரு நல்ல சேலையைக் கட்டிட்டு வா. சப்பரம் பெரிய தெருவைத் தாண்டுறதுக்குள்ள போயிரணும். ரெண்டு பேரும் சேர்ந்து முன்னால நடக்கணும், எல்லாரும் பார்க்கணும், சீக்கிரம் வா."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. கதவு அசையவில்லை.

தன் குரல் தன் காதில் விழுந்தது அவளுக்கு. கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்ற குரல், பிரம்பு ஆட்டின குரல், கல்யாணத்தன்று வாசலில் வந்து நின்ற மகளிடம், கதவுக்கு உள்ளேயிருந்து, போ என்று சொன்ன குரல். பெரிய தெருவில் வாத்தியம் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது, அது போகட்டும் என்று விட்டாள். சுண்ணாம்பு ஒட்டின விரல்களைக் கதவின் மேல் வைத்து, தனக்கே பழக்கமில்லாத ஒரு குரலில், மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"நான் கொஞ்சம் உள்ள வரட்டுமா, இக்னேசி?"